பிடிலும் அதன் தச்சரும்

பாட்டுக் கச்சேரி என்றதும் நம் மனக்கண்முன் எழும் காட்சியில் பிடில் இல்லாமற் போவதில்லை. தம்புரா மின்பெட்டியாகச் சுருங்கிவிட்டது. கடமும் கஞ்சிராவும் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. பிடில் மட்டும் தன் இடத்தை விடுவதாயில்லை. ஆயினும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் வித்துவான்கள் அதன் துணையின்றியே பாடினர். வெளிநாட்டிலிருந்து வந்த இக்கருவி நம் வீட்டுப் பிள்ளையான கதை பலமுறை எழுதப்பட்டதே. அதைச் செய்பவரும் செப்பனிடுபவரும் ஏன் அதனுடன் வந்து நிலைக்கவில்லை என்பதைப் பற்றி நாம் படித்தவை குறைவு. உத்தியோகம் காரணமாக ஐதராபாத்துக்கு வந்து மல்லாபூரில் குடியிருக்கும் நமக்கு இந்த இரண்டாவது கேள்வியே பெரிதாகப் படுகிறது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

வரலாறு மணலியில் தொடங்குகிறது. இராமசுவாமி தீட்சிதர் தம் மக்களுடன் சென்னையை அடுத்த மணலியில், கம்பெனியாரின் துபாஷியாக விளங்கிய முத்துக்கிருஷ்ண முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்துவந்தார். அவருடைய இளைய புதல்வர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பிடில் பயின்று, பயின்றதை நம் இசைக்குத் திருப்பினார் என்பர். தமையனார் முத்துசுவாமி தீட்சிதரின் செவியிலோ பாண்டு வாத்திய மெட்டுகள் விழுந்து, நோட்டுசுவர சாகித்தியங்களாக உருப்பெற்றன. பாலுசுவாமி பின்னர் எட்டயபுரம் அரசவையை அடைந்தார். இக்குடும்பத்தின் செய்திகளைக் காத்துத் தந்தவர் அவருடைய பேரரும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர். 1904-இல் எட்டயபுரத்தில் அச்சேறிய அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு நூலாகும். தமிழ்நாட்டுச் சமஸ்தானத்தில் அச்சான நூலை, அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர் உரக்கப் படிக்க நாம் கேட்டுப் பொருள் கொள்ளவேண்டியிருக்கிறது! இதில் நமக்கு வெட்கமில்லை, மகிழ்ச்சியே.

அடுத்து வருபவர் தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு (1810–1845). முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கரான இவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அலங்கரித்தார். மன்னர் 1834-ஆம் ஆண்டில் இவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அரசன் கையால் தந்தப் பிடில் பெற்ற பின்னர் அக்கருவியை அந்நியம் என்று ஒதுக்க யாருக்குத் துணிவு வரும்?

வாசிக்கும் முறையை நம்மவர் முற்றிலும் மாற்றியமைத்தனர். மேனாட்டார் நின்றுகொண்டு மோவாயின்கீழ் இடுக்கி வாசிப்பதை, நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, இடது கை தந்தியின்மேல் தங்குதடையின்றி ஓடுமாறு செய்தனர். அந்த ஓட்டமே கமகம். தந்திகளை ஸ, ப, ஸ, ப எனக் கூட்டினர். மைசூர் சௌடையா தந்திகளை ஏழாக்கினார். துவாரம் வெங்கடசுவாமி நாயுடு 1919-இல் விஜயநகரம் இசைக்கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்து, ஆந்திர தேசத்தில் தனிப் பிடில் கச்சேரிக்கே ஒரு பெருமதிப்பை உண்டாக்கினார். கை மாறியது, காது மாறியது. பெட்டி மட்டும் மாறவில்லை. அது கப்பலில் வந்தபடியே இருந்தது.

அப்பெட்டியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனா நகரில் ஆந்திரேயா அமாதி வகுத்த வடிவமே இன்றளவும் பெரிதும் மாறாமல் நிற்கிறது. மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம்; முதுகும் பக்கங்களும் மேப்பிள். உள்ளே மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையே ஒரு சிறு தண்டு, பசையின்றி, அழுத்தத்தாலேயே நிற்கிறது. இத்தாலியர் அதனை 'ஆன்மா' என்றே அழைப்பர். அது ஒரு நெல்லளவு நகர்ந்தாலும் நாதம் மாறிவிடும்.

எல்லாவற்றினும் நுட்பமானது ஒட்டும் பசை. விலங்கின் தோலைக் காய்ச்சி எடுக்கும் அப்பசை, வேண்டுமென்றே சற்று இளக்கமாகப் பூசப்படுகிறது. மரம் காற்றின் ஈரத்திற்கேற்ப விரியும், சுருங்கும். சுருங்கும்போது எங்கேனும் ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை விட்டால் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். பலகை பிளந்தால் என் செய்வது? எனவே பசை முதலில் தோற்கவேண்டும் என்பது அத்தச்சரின் கணக்கு.

இக்கணக்கை நாம் பொருள் கொடுத்துக் கற்றோம். நம் மகளின் பிடில் சென்னையில் வாங்கியது. கடற்காற்றில் பிரடைகள் ஊறி இறுகிக் கிடந்த அக்கருவி, தக்காணத்து மே மாத வறட்சியில் பிரடைகள் நிற்காமல் நழுவி, ஓரத்தில் ஒரு விரற்கடை ஒட்டு விட்டது. அருகிலிருந்த மரவேலைக்காரர் ஒருவர், நல்லெண்ணத்துடன்தான், நாற்காலிக்குப் பூசும் வெள்ளைப் பசையை இட்டு இறுக்கித் தந்தார். கல்போல் ஒட்டியது. மறு கோடையில் ஒட்டு அசையவில்லை. மேற்பலகை நரம்போட்டத்திலேயே பிளந்தது. அவரை எப்படிக் குறை கூறுவது? அவருக்குக் கற்பிக்க யார் இருந்தனர்?

வீணைக்கு இந்நிலை இல்லை. தஞ்சையில் பலாமரத்தைக் குடைந்து, இருபத்துநான்கு மெட்டுகளை மெழுகில் பதித்து வீணை செய்யும் குடும்பங்கள் தலைமுறையாக உள்ளன. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெழுகு இளகினால் மெட்டைத் திருத்தித் தர ஆளுண்டு. பொப்பிலியிலும் வீணைத் தச்சர் உளர். அங்கே வாத்தியமும் தச்சரும் ஒரே மண்ணில் பிறந்தனர். பிடிலோ விலைக்கு வாங்கும் பொருளாக வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1842-இலேயே மிஸ்குவித் கம்பெனி மேனாட்டு வாத்தியக் கடை வைத்துவிட்டது. கடையில் கிடைப்பதை உளியால் செய்வானேன் என்று நம்மவர் எண்ணினர் போலும். கல்கத்தாவிலும் சென்னையிலும் சிலர் இக்கைத்தொழிலைக் கற்றனர். ஆனால் பாடகரின் சுருதிக்கேற்ப அடிக்கடி கூட்டிக் குறைக்கப்படும் பிரடை, விரலுக்குத் தடவும் தேங்காயெண்ணெயில் ஊறும் தந்தி, எண்ணெய் பட்டால் பிடிப்பை இழக்கும் குதிரைமயிர் வில் என நம் வாசிப்பு உண்டாக்கிய புதிய நோய்களுக்குரிய மருத்துவம், பாடாந்தரம்போல் குருவிடமிருந்து சீடனுக்குப் பரவவில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பிடிலின் விரற்பலகைக்குரிய கருங்காலி தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்கே சென்றது. மெருகிற் சேரும் அரக்கும் இந்நாட்டுச் சரக்கே. வில்லின் கதை இன்னும் சுவையானது. பிரான்சு நாட்டு பிரான்சுவா தூர்த் (1747–1835) இன்றைய வில்லின் வடிவை நிலைநாட்டினார். அதற்கு ஏற்ற மரம் பிரேசில் நாட்டுப் பெர்னம்புகோ. நம் பதிமுகம் இருக்கிறதே, குடிநீரைச் செந்நிறமாக்குமே, அதன் சாயக்கட்டையை முற்காலத்து ஐரோப்பிய வணிகர் 'பிரேசில்' என்றனர். போர்த்துகீசியர் அமெரிக்கக் கரையில் அதனையொத்த மரத்தைக் கண்டு அதற்கும் அப்பெயரையே இட்டனர். நாட்டுக்கும் அப்பெயரே நின்றது. வெட்டி வெட்டி அம்மரம் அருகிப்போனமையால் 2007 முதல் அதன் வணிகம் உலக உடன்படிக்கைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கருங்காலியும் அரக்கும் அனுப்பி, வில்லின் மரத்துக்குப் பெயரும் ஈந்த கீழ்த்திசையில், வில்லுக்கு மயிர் கட்டத் தெரிந்தவரைத் தேடி நாம் நாச்சாரம் முதல் சிகந்தராபாத் வரை அலைந்தோம்.

முடிவில் பிடிலை மடியில் வைத்துக்கொண்டு சார்மினார் விரைவு வண்டியில் சென்னை சென்றோம். முதியவர் ஒருவர் வெந்நீரும் மெல்லிய கத்தியும் கொண்டு இரண்டு நாள் முயன்று வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுத்தார். பிளவின் உட்புறம் சிறு மரச்சில்லுகளை வரிசையாக ஒட்டினார். வடு தெரிகிறது. நாதம் முன்போல் இல்லை. எனினும் பாட்டுக்கு உதவும்.

ஆண்டுக்கொருமுறை, கோடை தணிந்த ஆனி மாதத்தில், மூன்று நாள் இங்கு வந்து தங்கி நம் குடும்பங்களின் பிடில்களைப் பார்த்துத் தர அவர் இசைந்துள்ளார். வண்டிச் சத்தமும் உணவும் கொடுத்தாற் போதும். மரவேலை அறிந்த இளைஞர் இருவர் உடனிருந்து கற்க விரும்பினால் மறுக்கமாட்டேன் என்றும் கூறினார். சங்கத்துச் செயலாளரிடம் இதனைத் தெரிவித்திருக்கிறோம். அன்பர்கள் அதற்குள் தத்தம் பிடிலை எடுத்து, விரல் மடக்கி ஓரங்களைச் சுற்றிலும் மெல்லத் தட்டிப் பார்ப்பாராக. கலகலத்த ஓசை கேட்கும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. தந்திகளைச் சற்றே தளர்த்திப் பெட்டியில் வைத்திருங்கள். தாமாக எதையும் பூசவேண்டாம்.