பெட்டியில் போட்டிருக்கும் 15 பார்

வீட்டுக்கு ஒரு எஸ்பிரெசோ மெஷின் வாங்கலாம்னு தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு எண். 15 பார். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் 20 பார். எண் பெரிசா இருந்தா காபியும் நல்லா இருக்கும்னு நாமும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இத்தாலியில் எஸ்பிரெசோவுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் சொல்லும் அளவு இது: 7 கிராம் தூள், 88 டிகிரி தண்ணீர், 25 விநாடி, 25 மில்லி காபி. அழுத்தம் 9 பார். (இதெல்லாம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.) கடைக்காரனுக்கு 9 போதும், வீட்டுக்கு மட்டும் எதுக்கு 15?

இதற்குப் பதில் தெரிய கொஞ்சம் பின்னால் போகணும். போனால் எந்த மெஷின் வாங்குவது என்பதற்கும் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

1884-ல் டூரின் நகரப் பொருட்காட்சியில் ஆஞ்சலோ மொரியோண்டோ என்பவர் நீராவியால் காபி இறக்கும் ஒரு கருவியை வைத்தார். ஒரே நேரத்தில் நிறைய பேருக்கு மொத்தமாகப் போடுகிற சாதனம் அது. ஒருவருக்கு ஒரு கோப்பை, அதுவும் கேட்ட உடனே என்ற யோசனை 1901-ல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா எடுத்த காப்புரிமையில்தான் முழுசாக வருகிறது. கைப்பிடி வைத்த சின்னக் கிண்ணத்தில் தூளைப் போட்டு மெஷினில் மாட்டுகிறோமே, அது அவர் கொடுத்தது. அந்த உரிமையை வாங்கி 1905 முதல் மெஷின்களாகச் செய்து விற்றவர் தெசிதேரியோ பவோனி.

சிக்கலும் இங்கேயே ஆரம்பிக்கிறது. இந்த மெஷின்களில் தண்ணீரைத் தள்ளுவது பாய்லரில் அடைபட்ட நீராவி. நம்ம பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் போட்டதும் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார் கூடும், கூடவே சூடும் 120 டிகிரிக்குப் போகும். இரண்டையும் பிரிக்க முடியாது. பெட்ஸேரா, பவோனி மெஷின்களின் அழுத்தம் ஒன்றரை பார் அளவில்தான் இருந்தது, அதற்கே பாய்லருக்குள் 127 டிகிரி ஆகிவிடும். நீராவியை மட்டும் நம்பி 9 பார் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 180 டிகிரிக்குப் போகணும். காபி கருகிக் கசந்துவிடும். ஆக, அன்றைய எஸ்பிரெசோ வேகமாக வந்த காபி, அவ்வளவுதான். இன்று மேலே மிதக்கிற பழுப்பு நுரை அதில் கிடையாது.

(நம்மூர் கல்யாண மண்டபத்தில் 'எஸ்பிரெசோ' என்று ஒரு மெஷின் நிற்குமே, இன்ஸ்டன்ட் தூள் போட்ட பாலில் நீராவியை விட்டு நுரைக்கவைத்து மேலே சாக்லேட் பொடி தூவுவார்களே, அதில் காபித்தூள் வழியாக எதுவும் அழுத்தப்படுவதே இல்லை. எஸ்பிரெசோ மெஷினிலிருந்து பாலை நுரைக்கும் பாதி மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கும், அது வேறு விஷயம்.)

1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டுவந்த அலுமினிய மோக்கா குடுவையும் இதே நீராவி வம்சம்தான். அடுப்பில் வைக்கிற, எட்டுப் பட்டைச் சாதனம். அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார். எஸ்பிரெசோ ஆகாது, ஆனால் இத்தாலிய வீடுகள் பல காலமாக இதில்தான் காபி குடிக்கின்றன. பாலோடு திக்கான காபி போதும் என்பவர் மேலே படிக்காமல் இதை வாங்கிக்கொண்டு போகலாம். தப்பே இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் மிலானில் காபிக்கடை வைத்திருந்த அக்கீலே காஜியா. 1938-லேயே ஒரு காப்புரிமை எடுத்தார். நடுவில் போர். அது முடிந்தபின் ஸ்பிரிங்கும் லீவரும் வைத்த மெஷினோடு வந்தார். லீவரை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும். விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் 8, 9 பாரைத் தொட்டது, தண்ணீரோ கொதிக்கத் தேவையில்லை. சூடு ஒரு வழி, அழுத்தம் ஒரு வழி என்று பிரிந்தது அப்போதுதான். காபியின் மேல் அந்த நுரையும் வந்தது. கோப்பை இவ்வளவு சின்னதாக இருப்பதற்குக்கூட காரணம் இந்த சிலிண்டர்தான். அதில் பிடிக்கிற தண்ணீர் அவ்வளவுதான்.

1961-ல் ஃபேமா நிறுவனத்தின் இ61 வந்தது. அந்த வருஷம் இத்தாலியில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தை வைத்து வந்த பெயர். இதில் ஸ்பிரிங்கின் வேலையை மின்சார பம்ப் எடுத்துக்கொண்டது. இன்னொன்றும் முக்கியம்: நீராவி பாய்லருக்குள்ளேயே ஒரு குழாய். காபிக்கான புதுத் தண்ணீர் அதன் வழியாகப் போகிறபோது வேண்டிய அளவு மட்டும் சூடாகும். ஒரு பக்கம் காபி இறங்க, மறு பக்கம் பாலை நுரைக்கலாம்.

இப்போ வீட்டுக்கு வருவோம். விலை குறைக்க வீட்டு மெஷினில் முதலில் வெட்டுவது இந்தக் குழாய் ஏற்பாட்டைத்தான். ஒரே பாய்லர், அல்லது போகிற போக்கில் தண்ணீரைச் சூடாக்கும் ஓர் உலோகக் கட்டி. காபிக்கு 90-ஐ ஒட்டிய சூடு, பால் நுரைக்க 120-க்கு மேல். ஒன்று முடித்து மற்றதுக்குக் காத்திருக்கணும், திரும்ப காபிக்கு வரணும்னா ஆறவிடணும். பெட்ஸேராவின் தலைவலி கொஞ்சம் உருமாறி சமையலறை மேடையில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல, காலையில் வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேருக்குப் பால் என்பதை. ஒருவர் இருவர், அதுவும் பால் இல்லாமல் என்றால் ஒற்றை பாய்லர் தாராளம். நாலு பேருக்குப் பால் காபி என்றால் அதோடு மல்லுக்கட்டுவது ஒரு வாரத்தில் அலுத்துவிடும். இ61 வழி வந்த குழாய் வைத்த மெஷின், அல்லது இரட்டை பாய்லர்தான் சரி. ஆனால் அந்தக் கனத்த பித்தளைத் தலை முழுசாகச் சூடேற அரைமணி ஆகும். எழுந்ததும் காபி கையில் இருக்கணும் என்பவருக்கு அதுவும் ஒத்துவராது. கையால் அழுத்துகிற லீவர் மெஷின் பொறுமையும் நேரமும் உள்ளவருக்கு. அழகு, ஆனால் கற்றுக்கொள்ளும்வரை பாதி காபி தொட்டிக்குத்தான் போகும்.

சரி, அந்த 15? சின்ன மெஷின்களில் இருக்கும் அதிர்வு பம்பின் உச்ச அழுத்தம் அது. தண்ணீர் கொஞ்சமும் வெளியேறாமல் அடைத்துக்கொண்டால் மட்டும் அங்கே போகும். காபி இறங்குகிறபோது அவ்வளவு இருக்காது, இருக்கவும் கூடாது. நல்ல மெஷினில் 9, 10 பாரைத் தாண்டியதைத் திருப்பி விட ஒரு வால்வே இருக்கும். அதைவிட, கூடையின் அடியைப் பாருங்கள். உள்ளே நிறைய துளை, வெளியே ஒரே ஒரு துளை என்றால் அது இரட்டைச் சுவர்க் கூடை. எந்தத் தூளைப் போட்டாலும் அந்த ஒற்றைத் துளையே நுரையைக் கிளப்பிவிடும். ஃபில்டருக்கென்று அரைத்த தூளை வைத்தே ஓட்டப்போகிறவருக்கு இது வசதி. ஒற்றைச் சுவர்க் கூடையில் தூள்தான் தண்ணீரைத் தடுத்து நிறுத்தணும், அதற்கு அது இன்னும் நைசாக இருக்கணும். கொட்டையை அன்றன்றைக்கு வீட்டிலேயே அரைக்க நல்ல கிரைண்டர் வேண்டும். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அதற்கு எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு என்ன மெஷின் வருமோ அதைப் பாருங்கள்.