தோல்வியுற்ற படையின் தளபதி

ஊரிலிருந்து உற்றார் வந்தால் அவர்களை எல்ஜின் சாலையிலுள்ள நேதாஜி இல்லத்திற்கு அழைத்துச் செல்வது கல்கத்தாத் தமிழர்களாகிய நம்மிடையே வழக்கம். 1941 சனவரியில் அவர் தப்பிச் சென்ற மோட்டார் வண்டியைக் காட்டி அக்கதையைச் சொல்வோம். அவர் திரட்டிய படை தோற்ற பின்பு அதன் தளபதிகள் என்னவாயினர் என்று விருந்தினர் கேட்டால் மட்டும் நாம் சற்றே திகைப்போம். ஆதலின் அவர்களுள் நம்மவர் ஒருவரின் கதையை இம்மலரில் சொல்லத் துணிந்தோம்.

சென்னையில் 1914ஆம் ஆண்டு பிறந்த லட்சுமி, வழக்கறிஞர் சுவாமிநாதனுக்கும் அம்மு அம்மையாருக்கும் மகள். 1938இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூர் சென்றார். அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த நம் நாட்டு ஏழைகளுக்கு மருத்துவம் செய்துவந்தார்.

1928ஆம் ஆண்டுக் கல்கத்தாக் காங்கிரசிலேயே பெண் தொண்டர்களைச் சீருடையில் அணிவகுக்கச் செய்தவர் சுபாஷ் சந்திர போஸ். 1943 சூலையில் சிங்கப்பூர் வந்ததும் பெண்களுக்கென ஒரு படை வேண்டுமென்றார். ஜான்சி ராணி படை எழுந்தது. லட்சுமி அதன் தலைமையை ஏற்றார். அதில் சேர்ந்தோர் பலர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். துப்பாக்கியைக் கனவிலும் தொட்டறியாதவர்கள்! பின்னாளில் லட்சுமி லெப்டினன்ட் கர்னல் பதவி பெற்றும், மக்கள் நாவில் அவர் என்றும் கேப்டன் லட்சுமியே.

போர் தோல்வியில் முடிந்தது. 1945 மே மாதம் பர்மாவில் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்தனர். 1946 மார்ச்சில்தான் தாயகம் திரும்பினார். செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட மூவருள் ஒருவரான பிரேம் சகலை 1947 மார்ச்சில் லாகூரில் மணந்து, கான்பூரில் குடியேறினார்.

நாடு விடுதலை பெற்றது. ஆயினும் அதன் இராணுவம் நேதாஜியின் வீரர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. படையின் கட்டுப்பாடு கருதியே அவ்வாறு செய்ததாகக் காரணம் கூறினர். எக்காரணம் கூறினும் நம் மனம் ஆறுவதில்லை.

லட்சுமியோ பிரிவினையால் வீடிழந்து கான்பூர் வந்த அகதிகளின் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமெனப் பெருகியபோது, நம் வங்கத்திற்கே வந்து வனகாவ் எல்லையில் மருத்துவப் பணி புரிந்தார். அன்று அந்த முகாமில் வரிசையில் நின்ற தாய்மாருள் எத்தனை பேர், தம் குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பவர் ஒரு படையை நடத்தியவர் என்று அறிந்திருப்பார்கள்?

1984இல் போபாலில் நச்சுவாயு பரவியபோது அங்கும் மருத்துவக் குழுவுடன் சென்றார். 1998இல் பத்மவிபூஷண் வந்தது. 2002இல் இடதுசாரிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். வென்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். தமிழகத்தில் பிறந்த இருவரே போட்டியிட்டது நமக்கு இரட்டை மகிழ்ச்சி. அவரோ மறுபடி கான்பூர் நோயாளிகளிடம் திரும்பினார். தொண்ணூறு வயது கடந்தும் காலையில் மருத்துவமனைக்குச் செல்வதை விடவில்லை. 2012 சூலை 23ஆம் நாள், 97ஆம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்கு அளிக்கப்பட்டது.