பேராசிரியரும் அரசியலும்

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அரசியற் சார்புடையவராக இருத்தல் தகுமா? அதனால் அவரிடம் பயிலும் மாணவர்க்குத் தீங்கு நேருமா? இவ்வினாக்களுக்கு விடை காண, மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர், தாம் குடியேறிய மாநகரின் வரலாற்றை நோக்கினாற் போதும்.

1918ஆம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியற் பேராசிரியரானார். அஃது அரசாங்கக் கல்லூரி. மறு ஆண்டே, வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழுவின் முன் தோன்றி, தாழ்த்தப்பட்டோர்க்குப் பிரதிநிதித்துவம் வேண்டுமென வாதாடினார். தாராவித் தோல் பதனிடும் கூடங்களுக்குப் பிழைப்பு நாடி வந்த திருநெல்வேலித் தமிழருள் பலர்க்கும் அவ்வழக்கு உரியதே. 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழ் அவரால் தொடங்கப்பெற்றது. ஆயினும் இதழாசிரியர் என வேறொருவர் பெயரே வெளியாயிற்று. அரசாங்க ஊதியம் பெறுவோர் இதழாசிரியராக வெளிப்படல் அரிதாயிருந்த காலம் அது. ஊமையர் தலைவன் எனப் பொருள்படும் இதழைத் தோற்றுவித்தவரே தம் பெயரை மறைக்க நேர்ந்தது!

பதினைந்து ஆண்டுகளில் காட்சி மாறிற்று. 1935 ஜூனில் அவர் பம்பாய் அரசாங்கச் சட்டக் கல்லூரியின் முதல்வரானார். அவ்வாண்டு அக்டோபரில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என இயோலாவில் அறிவித்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார்; 1937இல் சட்டமன்ற உறுப்பினராகி, கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். 1938 வரை முதல்வர் பதவியும் அவரிடம் இருந்தது. அவர் கொள்கை யாதென மாணவர் அனைவரும் அறிவர். வெளிப்படையான சார்பை மாணவன் எடைபோட்டுக் கொள்வான். மறைந்துள்ள சார்பே அவனை ஏமாற்றும்.

உரிமை ஒருமுறை கிட்டியதால் என்றும் நிலைப்பதில்லை. கணித மேதையும் மார்க்ஸிய நோக்குடைய வரலாற்றறிஞருமான டி. டி. கோசாம்பி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர். உலக சமாதான இயக்கத்தில் ஈடுபட்டவர். அணு ஆற்றலினும் கதிரவன் ஆற்றலே நாட்டுக்கு ஏற்றது என வாதிட்டவர். 1962இல் அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2010இல் ரோஹின்டன் மிஸ்திரியின் ஒரு நாவல், ஓர் அரசியற் கட்சியின் மாணவர் பிரிவு எதிர்த்ததும், மும்பைப் பல்கலைக் கழகப் பாடத்திட்டத்தினின்றும் நீக்கப்பட்டது. 2014 ஜனவரியில் அப்பல்கலைக் கழக நிருவாகத்தை வெளிப்படையாக வினவிய பொருளியற் பேராசிரியர் நீரஜ் ஹாத்தேகர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பெற்றார். மாணவர் அவர் பக்கம் திரண்டனர். ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இத்தகைய உரிமையை உலகமும் ஏற்றுள்ளது. 1997இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய பரிந்துரை, கற்பிக்கவும் ஆராயவும் மட்டுமன்றித் தம் நிறுவனத்தைப் பற்றிக் கருத்துரைக்கவும் உயர்கல்வி ஆசிரியர்க்குச் சுதந்திரம் உண்டு எனக் கூறுகிறது.

ஆசிரியர்க்குச் சுதந்திரம் உண்டெனில் மாணவர்க்கும் உண்டு. ஆசிரியர் தம் கருத்தை உரைக்கலாம். அதை ஏற்காத மாணவனின் மதிப்பெண்ணைக் குறைத்தல் ஆகாது. ஆகவே, மக்களைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், பேராசிரியர் எக்கட்சியினர் என ஆராய வேண்டுவதில்லை. மாறுபட்டு விடையெழுதிய மாணவனையும் அவர் நேர்மையாக மதிப்பிடுகிறாரா என்பதையே வினவுதல் வேண்டும்.