வன்னியில் கூடாரமடிக்க முன்

'காம்பிங்' என்பதை அகராதி 'முகாமிடல்' என்று சொல்கிறது. எங்கள் ஊர்களில் அந்தச் சொல் எடுபடாது. முகாம் என்றால் ஒன்று இராணுவம், இல்லாவிட்டால் மெனிக்பாம். 2009இல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் தறப்பாளின் கீழ் அடைபட்டிருந்த அந்த இடம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. ஆகவே இங்கே கூடாரமடித்துத் தங்குதல் என்றே எழுதுகிறேன்.

இப்போது விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவினர்கள் மடித்த 'ரென்ற்' ஒன்றையும் பயணப்பெட்டியில் கொண்டு வருகிறார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசை வந்திருக்கிறது. மின்சாரமில்லாமல், குறைந்த சாமானோடு, குளத்தோரமாக இரண்டு இரவுகள். நல்ல ஆசைதான். இது எங்களுக்குப் புதிதும் அல்ல. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகும் குடும்பங்கள் மரங்களின் கீழ் கூடாரமடித்துச் சமைத்துத் தங்குகின்றன. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் கோயில் முற்றங்களில் படுத்து, உகந்தையைத் தாண்டிக் குமண, யால காடுகளுக்கூடாகப் போகிறார்கள். இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. முன்னர் பலர் நடந்த பாதையில் நடக்கிறார்கள், பலர் தங்கிய இடத்தில் தங்குகிறார்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வது சில இடங்களில் இதற்கு நேர்மாறானது. சன நடமாட்டமில்லாத இடத்தைத் தேடு, மலத்தை நீர்நிலையிலிருந்து 60 மீற்றருக்கு அப்பால் 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதை, தீ மூட்டினால் சிறிதாக மூட்டு என்பார்கள். அந்த நாடுகளுக்கு இவை சரி. வன்னிக் காட்டோரத்தில் இந்த மூன்றுமே ஆளைக் கொல்லக்கூடியவை.

மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகியவை 2002 முதல் இங்கே வேலை செய்கின்றன. டாஷ், ஷார்ப் என்ற உள்ளூர் அமைப்புகள் பின்னர் சேர்ந்தன. 2017 டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிக்கும் கெடு 2028 ஜூன் 1. குடிமனைகளும் வயல்களும் பாடசாலைகளும் முதலில் துப்புரவாக்கப்பட்டன. காட்டோரங்களின் முறை பிந்தியே வந்தது. கூடாரமடிக்க வருபவருக்குப் பிடிப்பதும் அந்தக் காட்டோரம்தான்.

ஆகவே மண்ணைக் கிண்டவேண்டாம். தறையை ஆழமாக அறையவேண்டாம். கயிற்றை மரத்திலோ கல்லிலோ கட்டலாம். வெறுந்தரையில் தீ மூட்டவும் வேண்டாம். அடியில் வெடிக்காத எறிகணை கிடந்தால் சூடே அதை வெடிக்க வைக்கும். மண்டையோட்டுப் பலகை இல்லாததைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுக்கக்கூடாது. பலகையை வெள்ளமும் கொண்டுபோகும், விறகுக்கு ஆட்களும் கொண்டுபோவார்கள். துருப்பிடித்த இரும்பையோ பிளாஸ்ரிக் வட்டையோ கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, 119க்கு அறிவியுங்கள்.

அப்படியானால் எங்கே தங்குவது? ஊரவர் காட்டும் இடத்தில். கிராம அலுவலரிடம் கேளுங்கள். குளத்தோரம் என்றால் கமக்காரர் அமைப்பிடமும் கேட்கவேண்டும். இடத்தைத் துல்லியமாக அறிந்தவர் பெரும்பாலும் மாடு மேய்ப்பவர்தான். எந்தப் பற்றைக்குள் மாடு போகாது, எந்த வழியால் இரவில் யானை குளத்துக்கு வரும் என்று அவர் சொல்வார். என் விருப்பம் ஒரு வீட்டு வளவு அல்லது கோயில், தேவாலயக் காணி. கிணறும் மலசலகூடமும் இருக்கும். கிண்டும் பிரச்சினையே வராது. சமையலை வீட்டுக்காரரிடம் காசு கொடுத்து ஒப்படைத்தால் அடுப்பும் தேவையில்லை. இல்லாவிட்டால் சிறிய எரிவாயு அடுப்பு போதும்.

காடு எல்லாம் பொதுக்காணி என்றும் எண்ணவேண்டாம். சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு ஆகியவை 2015இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. வில்பத்து 1938 முதலே தேசிய பூங்கா. பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு, அது ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் தங்கலாம்.

காலமும் முக்கியம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி. குளம் நிறையும், பாதை சேறாகும், எலிக்காய்ச்சலும் வரும். மாசியும் பங்குனியும் நல்லவை. சோளகம் தொடங்கினால் கூடாரத்தைப் பிடித்து வைப்பதே வேலையாகிவிடும். கடும் வரட்சியில் மிஞ்சிய தண்ணீருக்கு யானை வரும், அதற்குக் குறுக்கே நாங்கள் படுக்கக்கூடாது.

கொண்டுபோகும் சாமான் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பனையோலைப் பாய், சில்வர் கோப்பை, தண்ணீருக்குப் பெரிய கலன், ரோச் லைற். உள்ளே தரை தைத்த, சிப் பூட்டும் கூடாரமாக இருப்பது மட்டும் அவசியம். கட்டுவிரியன் இரவில் ஊர்ந்து, நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு. கடி பல வேளைகளில் வலிக்காது. விடியும்போது வயிற்றுவலியும் தானாகச் சரியும் இமைகளும்தான் காட்டிக்கொடுக்கும். கட்டுப்போட்டு, கீறி நேரத்தை வீணாக்காமல் 1990க்கு அழையுங்கள்.

குளத்துக்குள் சவர்க்காரம் போடவேண்டாம். ஊரின் பெண்கள் குளிக்கும் நேரத்தைக் கேட்டறிந்து அந்தத் துறையிலிருந்து விலகியிருங்கள். போத்தல் விடயம்தான் எனக்குக் கோபமூட்டுவது. வார இறுதியில் குளக்கட்டில் குடித்துவிட்டு உடைத்துப் போகும் கண்ணாடி, அடுத்த மழைக்கு வயலுக்குள் இறங்கி, நாற்று நடும் காலைக் கிழிக்கிறது. 'இளைஞர் ரென்ற் அடிக்க வருகிறார்கள்' என்றதும் சில ஊர்களில் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம்.

பிளாஸ்ரிக் போத்தல், சொப்பிங் பை, பிஸ்கற் உறை எல்லாவற்றையும் எண்ணிக் கட்டித் திரும்பவும் நகரத்துக்கே கொண்டுவாருங்கள். கிராமத்துக் குப்பைக் குழியில் போட்டால் குப்பை வண்டி வராது. அன்று பின்னேரமே உங்களுக்கு இடம் தந்த வீட்டுக்காரர் அதைக் கொளுத்துவார், புகை அவருடைய பிள்ளைகளுக்கு.