பழைய வரைபடத்தில் அத்தை சொன்ன கடல்

"நம்ம வீட்டு வாசல் வரைக்கும் கடல் வந்துட்டுப் போகும்" என்று என் அத்தை சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். தாராவியில் ஏது கடல்? மாஹிம் போனால்தானே கடல் என்று கேலி பேசுவோம். அத்தை கோபித்துக்கொள்ள மாட்டார். "போங்கலே, உங்களுக்கு என்ன தெரியும்" என்பதோடு சரி. அவர் சொன்னது உண்மை என்று நான் தெரிந்துகொண்டபோது அவர் உயிரோடு இல்லை. அதை எனக்குச் சொன்னது ஒரு பழைய நில அளவை வரைபடம்.

இந்திய நில அளவைத் துறை 1767இல் தொடங்கியது. சென்னைப் பரங்கிமலைக்கு அருகே 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு அளக்கப்பட்டது. அந்த அளவையின் மேல் எழுந்தவைதான் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு. தாராவி, மாதுங்கா, செம்பூர் மூன்றும் 47 ஏ/16 என்ற ஒரே தாளில் அடங்கிவிடுகின்றன. திருநெல்வேலிச் சீமையின் பெரும்பகுதி 58 எச் வரிசையில் வரும். நம்மில் பலருடைய குடும்பக் கதை இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் நடந்திருக்கிறது.

பழைய தாளை எடுத்தவுடன் வீட்டைத் தேடக் கூடாது. இடம் மாறாதவற்றை முதலில் பிடிக்க வேண்டும். தாராவிக்கு நான் பிடித்துக்கொண்டவை மூன்று. 1853இல் ஓடத் தொடங்கிய தாணே ரயில் பாதை ஒன்று. 1845இல் திறந்த மாஹிம் காஸ்வே இன்னொன்று. மூன்றாவது, 1737ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள ரிவா கோட்டை. நாம் காலா கில்லா என்கிறோமே, அதேதான். இவற்றை இன்றைய படத்தோடு பொருத்திவிட்டால் இடையில் இருப்பதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். இன்னொரு விஷயம்: அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. அளந்த ஆண்டுதான் நமக்குக் கணக்கு.

அப்படிப் பொருத்திப் பார்த்தேன். இன்று சந்தும் பொந்துமாக வீடுகள் நிற்கும் இடத்தில் நிலமே இல்லை. மாஹிம் கழியிலிருந்து கிளைவிட்ட நீலக் கோடுகளும் சதுப்பு நிலக் குறிகளும்தான் இருந்தன. தாத்தா வேலை பார்த்த தோல் பதனிடும் கொட்டகை அங்கே ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. தோலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். கழிக்கு அந்தப் பக்கம் பாந்த்ராவில் ஆடுமாடு அறுக்கும் கூடம் இருந்தது. நாற்றம் பிடித்த தொழிலை நகரம் தன் ஓரத்தில்தானே வைக்கும்? அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கழி ஏறி வாசலுக்கு வந்திருக்கிறது. அத்தை கண்ட கடல் அதுதான்.

அதே தாளில் ரயில் பாதைக்குக் கிழக்கே பார்த்தால் காட்சி வேறு. 1896 பிளேக் நோய்க்குப் பிறகு 1898இல் அமைக்கப்பட்ட இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டமிட்ட தாதர்-மாதுங்கா பகுதி, அடுத்தடுத்த பதிப்புகளில் நேர்நேர் தெருக்களாக எழும்புகிறது. அங்கே குடியேறிய நம்மவர்கள் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு தமிழ் உலகங்கள். செம்பூருக்குப் போகும் ரயில் கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1906இல் குப்பை வண்டிக்காகப் போட்ட பாதை அது. 1924இல்தான் பயணிகளுக்குத் திறந்தார்கள்.

நிற்க. ஊர்த் தாளையும் எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீடு ஊர் நடுவில், கோயிலுக்குப் பக்கத்தில் என்றுதான் அப்பா சொல்லி வந்தார். அத்தையோ, குளத்துக் கரையிலிருந்து இறங்கி வயலைத் தாண்டிப் போகணும் என்பார். தாளில் கோயில் குறிக்கு அருகே வீடுகள் ஒரு திட்டாக இருந்தன. வயலுக்கு அப்பால் தனியே இன்னொரு சிறிய திட்டு. அத்தை சொன்ன வழி அதற்குத்தான் போயிற்று. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்தச் சிறிய திட்டின் மேல் விரலை வைத்தார். "இதுதான். பள்ளிக்கூடத்துல யாராவது கேட்டா நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டேன்" என்றார். தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இந்தத் தாள்கள் முன்பெல்லாம் எளிதில் கிடைக்காது. கடலோரத் தாள்கள் வெகுகாலம் கட்டுப்பாட்டில் இருந்தன. 2005இல் வந்த வரைபடக் கொள்கையும், 2021 பிப்ரவரியில் வந்த விதிமுறைகளும் வழியைத் திறந்துவிட்டன. அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட வரிசையை டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அது ஏறக்குறைய நான்கு மைலுக்கு ஓர் அங்குலம். வீடு தெரியாது, ஊர் தெரியும். தேடத் தொடங்க அது போதும்.

தாராவி இப்போது மாறப் போகிறது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பே இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். சட்டத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் பழைய தாளில் நிலமே இல்லாத இடத்தில் மண்ணும் குப்பையும் கொட்டித் தூர்த்து நிலமாக்கியவர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே வந்துவிட்டார்கள். கழியையும் கோட்டையையும் குறித்த வரைபடம் அவர்கள் பெயரைக் குறிக்கவில்லை. அதை நாம்தான் குறித்தாக வேண்டும்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தத் தாளின் ஒரு நகலை அவர்கள் முன்னால் விரித்து, "எங்கே இருந்தீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் விரல் வைக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். நான் சிரித்துவிட்டேன்.