தஞ்சைக் கல்வெட்டு முதல் ஆரணிச் சேலை வரை: படத்துண்டுகளை இணைக்கும் முறையின் வரலாறு

லின்னேயஸ் டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தபோது, விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டையும் படமாக்க முனைந்தார். ஒரே படத்தில் அடங்கும் நீளமா அது? சுவரையொட்டிக் கருவியை நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரதிகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். மொத்த நீளம் ஏறத்தாழ 19 அடி. ரவிக்கைத் துணியோடு நெய்த ஆரணிப் பட்டுச் சேலை இதைவிடச் சற்றே நீளம்.

  1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் டிரைப்பின் ஒளிப்படப் பணியை வீண் செலவென்று நிறுத்திவிட்டார். பின்னர் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் இக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தபோது கைகொடுத்தவை மைப்படிகள்.

அகலப்படத்தின் (பனோரமா) வரலாற்றை ராபர்ட் பார்க்கர் 1787இல் காப்புரிமை பெற்ற வட்ட ஓவியத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அது நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்க்கும் மரபு. டிரைப் செய்தது வேறு: நகர்ந்துகொண்டே பார்ப்பது. இந்த வேறுபாட்டுக்கு வரலாறுகள் போதிய இடம் தரவில்லை என்பது என் கருத்து. நின்று திரும்பினால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒன்றையொன்று விட்டு விலகாது. படங்கள் பிசகின்றிப் பொருந்தும். நகர்ந்தால், எடுக்கப்படும் பொருள் தட்டையாக இருந்தால் மட்டுமே பொருந்தும். அதிட்டானத்திலோ புடைத்த வரிகள் உண்டு. ஓர் ஓரத்தில் எழுத்தைப் பொருத்தினால் புடைப்பு விலகும்.

படத்துண்டுகளைப் பொருத்தும் வேலையைக் கணினி ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. பொருந்தாத புள்ளிகளைக் கழித்துக்கட்டும் ‘ரான்சாக்’ முறை 1981இல் வந்தது. ஒட்டிய தடம் தெரியாமல் இரு படங்களைக் கலக்கும் வழியை 1983இல் பர்ட், அடெல்சன் இருவரும் தந்தார்கள். 1998 வாக்கில் ஹெல்முட் டெர்ஷ் எழுதிய ‘பனோரமா டூல்ஸ்’ மென்பொருளில்கூட, இரு படங்களிலும் ஒரே புள்ளி எதுவென்று மனிதர்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. டேவிட் லோவின் ‘சிஃப்ட்’ (1999) அந்தப் புள்ளிகளைத் தானே தேடியது. 2003இல் மேத்யூ பிரவுனும் லோவும் கலைத்துப் போட்ட படக்குவியலிலிருந்தே அகலப்படத்தைக் கண்டெடுத்துக் காட்டினார்கள். இன்று கைப்பேசியிலேயே படங்களை இணைக்கும் வசதி இருக்கிறது.

இந்த வசதி நெசவுக்கும் உதவும். ஆரணியில் பழைய சேலை ஒன்றின் வடிவத்தை மறுபடி நெய்ய வேண்டுமென்றால் அதை முழுநீளத்துக்குப் படமெடுத்து வைப்பது நல்லது. சேலை தட்டையானது; சுருக்கமின்றி விரித்து, கேமராவை நேர் மேலே பிடித்து நகர்த்தினால் டிரைப்பின் புடைப்புத் தொல்லை கிடையாது. ஆனால் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. தறியில் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு அட்டைகள் சுற்றிச் சுற்றி வரும்போது சேலையின் உடலில் ஒரே புட்டாதான் திரும்பத் திரும்ப விழும். லோவின் முறையோ, ஒரு புள்ளிக்கு மிக நெருங்கிய இணையும் அடுத்த இணையும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இரண்டையும் நம்பாமல் தள்ளிவிடும். ஒவ்வொரு மாங்காய்ப் புட்டாவுக்கும் பத்து இணை இருந்தால் எதை நம்புவது? கல்வெட்டு எழுத்தில் இந்தக் குழப்பம் குறைவு. வரிக்கு வரி எழுத்து மாறும்.

படங்கள் இணைய மறுத்தால்கூடத் தொல்லையில்லை. தவறு உடனே தெரிந்துவிடும். ஒரு வரிசை தள்ளி, எல்லாப் புள்ளியும் ஒருமித்துத் தவறாகப் பொருந்துவதே ஆபத்து. ரான்சாக் அதையும் சரியென்று ஏற்கும். கரை நேராக ஓடும், ஒட்டுத் தெரியாது, சேலையில் மட்டும் ஒரு வரிசை புட்டா குறைந்திருக்கும். முந்தானைப் பக்கம் இந்தப் பயம் இல்லை. அங்கே வடிவம் மாறிக்கொண்டே போகும்.

கரைக்கு வெளியே சேலை நெடுக ஒரு டேப்பை விரித்து வைத்து, ஒவ்வொரு படத்திலும் அதன் எண்கள் விழும்படி எடுப்பதே எளிய வழி. இணைத்த படத்தில் 310 செ.மீ.க்கு அடுத்து 325 வந்தால் இடையில் ஒரு வரிசை விழுங்கப்பட்டிருக்கிறது. அந்த இரு படங்களை மட்டும் பிரித்து, டெர்ஷ் காலத்தைப் போலக் கையால் புள்ளி வைத்துச் சேர்த்தால் போதும்.