மீன் தொட்டியின் மறைந்த பாதி

இல்லத்துச் சுவரிற் பதித்த பெரிய கண்ணாடித் தொட்டியையும், அதன் பின்னால் தனி அறை ஒன்றையும் அமைத்து மீன் வளர்க்க விழைவோர் முதலில் தொட்டியின் நீள அகலத்தையே எண்ணுகின்றனர். நீரை எங்ஙனம் கெடாமற் காப்பது என்பதே முதற் கேள்வி என்று இக்கலையின் வரலாறு கற்பிக்கிறது.

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. ஆயினும் நீரை அடிக்கடி மாற்றாவிடில் மீன்கள் மாண்டன. இதற்கு வழி தேடியவர் இலண்டன் இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன். 1849இல் அவர் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டையும் ஒரு தொட்டியில் இட்டார். மீன் வெளிவிட்ட கரியமிலவாயுவைப் பூண்டு ஏற்றது. பூண்டு அளித்த பிராணவாயுவை மீன் ஏற்றது. எனினும் அழுகிய இலைகளால் நீர் கலங்கிற்று. பின்னர் அவர் விட்ட நத்தைகள் அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இச்சோதனையை அவர் வெளியிட்டார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் இவ்வார்வத்தை இல்லங்களுக்குள் பரப்பிற்று.

வாரிங்டன் கண்டது உண்மையின் ஒரு பாதி. மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியா என்னும் நஞ்சு எங்கே போகிறது? இதற்கு விடை காண உதவியவருள் ஒருவர் அவருடைய மகனே. அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன். ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வுநிலையத்தில் மண்ணை ஆராய்ந்த அவர், அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுவது வெவ்வேறு நுண்ணுயிர்களின் செயல் என்று காட்டினார். தந்தையின் தொட்டியில் மணலிலும் இலையிலும் கண்ணுக்குப் புலப்படாது உழைத்தவையும் அத்தகைய உயிர்களே.

மற்றொரு பாடத்தைத் தந்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு. 1871இல் இலண்டன் கிரிஸ்டல் பாலஸில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்தில், மக்கள் கண்டு மகிழ்ந்த தொட்டிகளுக்குக் கீழே இருண்ட நீர்த்தேக்கம் ஒன்றை அவர் அமைத்தார். மேலே இருந்ததைவிடப் பன்மடங்கு நீர் அங்கே தங்கியது. எந்திரங்கள் அதனை இடையறாது சுழற்றின.

இன்றைய வீட்டு மீன் அறை செய்யவேண்டிய பணியும் இதுவே. 2 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 75 சென்டிமீட்டர் ஆழமும் உடைய தொட்டி 900 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 900 கிலோ. தரை அதனைத் தாங்குமா என்று பொறியாளரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். பின்னறையில் வடிகட்டித் தொட்டிக்கும், மேலிருந்து கைவிட்டுத் துப்புரவு செய்வதற்கும், சிந்தும் நீர் வடிவதற்கும் இடம் வேண்டும். நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆதலின் மீன்களைச் சிறிது சிறிதாகவே விடுதல் நன்று. முன்புறத்தில் தொட்டி ஒரு சாண் குறைந்தால் அழகு சற்றே குறையும். பின்னறையில் இடம் குறைந்தாலோ, அதன் விலையை மீன்கள் உயிரால் செலுத்தும்.